கமுந்திங் முகாமிலிருந்து சட்டமன்றத்துக்கு: வீ.கணபதிராவின் பொதுவாழ்க்கை

கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான அரசியல்வாதிகளில் ஒருவர் வழக்கறிஞர் வீ.கணபதிராவ். சிலாங்கூர் சட்டமன்றத்தில் இரண்டு தவணை பணியாற்றிய இவர், இப்போது கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியைத் தொடர்ந்து, டிசம்பர் 13-இல் ஐவர் இசா சட்டத்தின்கீழ்க் கைதாகி, தைப்பிங் அருகிலுள்ள கமுந்திங் முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். பி.உதயகுமார், எம்.மனோகரன், ஆர்.கெங்காதரன், டி.வசந்தகுமார் ஆகியோருடன் கணபதிராவும் அவர்களில் ஒருவர். 2009 ஏப்ரலில் அவர் விடுதலையானார்.

கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதிக்கு இதில் தனி இடம் உண்டு. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில், தடுப்புக்காவலில் இருந்தபடியே மனோகரன் ஜசெக வேட்பாளராக அங்கு வென்றார். 2013-இல் அதே தொகுதியில் கணபதிராவ் வென்றார். கமுந்திங்கில் ஒன்றாக அடைபட்டிருந்த இருவரை அடுத்தடுத்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. 2018-இல் கணபதிராவ் கோத்தா கெமுனிங்கிற்கு மாறி மீண்டும் வென்றார்.

2013 முதல் 2023 வரை அவர் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர். தோட்டத் தொழிலாளர் நலன், வறுமை ஒழிப்பு, சமூகப் பொருளாதார மேம்பாடு ஆகிய துறைகளைக் கவனித்தார். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டண உதவி, உயர்கல்வி மாணவர்களுக்குக் கட்டண உதவி, சிறுதொழில் செய்யும் இந்தியர்களுக்குக் கருவிகள் வழங்கும் ‘ஐ-சீட்’ திட்டம் ஆகியவை அவர் பொறுப்பில் நடந்தன. இஸ்லாம் அல்லாத சமயங்களுக்கான மாநிலக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவராகக் கோயில் நில விவகாரங்களையும் கையாண்டார்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை இந்தப் பட்டியலே காட்டுகிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் உள்ளன. எனவே கோயிலுக்கு நிலம், கால்வாய், குப்பை, உரிமம் போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தை நாடலாம். கல்வியும் குடியுரிமையும் கூட்டரசைச் சேர்ந்தவை. தமிழ்ப்பள்ளிக்கு மாநிலம் மானியம் தரலாம். ஆசிரியரை நியமிக்க முடியாது. அடையாள அட்டை இல்லாதவருக்கு மனு எழுத உதவலாம். முடிவெடுப்பது தேசியப் பதிவுத் துறையும் உள்துறை அமைச்சும்தான்.

அவரது தவணையின் கடுமையான சோதனை 2021 டிசம்பர் வெள்ளம். அவரது தொகுதிக்குட்பட்ட ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கி உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. மேல்மாடிகளில் படகுக்காகக் காத்திருந்த மக்கள், மீட்புப்பணி தாமதமானதாகக் கடும் அதிருப்தி தெரிவித்தனர். கூட்டரசு, மாநிலம் இரண்டின் ஆயத்தநிலையும் கேள்விக்குள்ளானது. உதவித்தொகை வழங்குவதோடு, வடிகாலும் நீரிறைப்பு நிலையங்களும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று கேட்பதும் மக்கள் பிரதிநிதியின் வேலை என்பதை அந்த வெள்ளம் உணர்த்தியது.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் அவர் கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போட்டியிடவில்லை. அத்தேர்தலில் பந்திங்கில் வென்ற அவருடைய சகோதரர் வீ.பாப்பாராயுடு, மனிதவளம், வறுமை ஒழிப்புத் துறைகளுக்கான ஆட்சிக்குழு உறுப்பினரானார்.

குடியுரிமையும் தமிழ்ப்பள்ளியும் பேசப்படும் அவையில் கணபதிராவ் இப்போது அமர்ந்திருக்கிறார். மாநிலத்தில் இருந்தபோது தம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டிருந்த அந்தச் சிக்கல்களுக்கு இங்கே அவர் என்ன செய்கிறார் என்பதையே கிள்ளான் வாக்காளர்கள் இனிக் கணக்கில் கொள்வார்கள்.