யாரும் நடாத ஆவாரை

குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. சங்க காலத்தில் மடலேறிய தலைவன் சூடிய பூ அது. இன்றும் கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் சேரும். தெலுங்கில் தங்கேடு. பதுகம்மா பண்டிகையில் அடுக்கும் இந்தப் பூவே தெலங்கானாவின் மாநில மலர்.

ஆனால் இந்தச் செடி பணமாக மாறியது பூவால் அல்ல, பட்டையால். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டைதான் ஆதாரம். தரிசில் தானாக வளர்ந்த செடியை வெட்டி, பட்டையை உரித்து, தோல் ஷெட்டுகளுக்கு வண்டி வண்டியாக அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் (1914–18) பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கு இங்கே பதனிட்ட தோல் பெருமளவில் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, குரோம் பதனிடல் வந்தது. ஆவாரையின் சந்தை சுருங்கியது.

உழவர்களுக்கு வேறொரு பயனும் தெரியும். களர் நிலத்தில் ஆவாரந்தழையைப் போட்டு மிதித்து உழுவார்கள். மண் மெல்ல வசத்துக்கு வரும்.

இத்தனை நூற்றாண்டுகளாக வெட்டியும் செடி அழியவில்லை. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஆடுமாடுகளும் விரும்பிக் கடிப்பதில்லை. தரிசு ஏராளமாக இருந்ததால் இதை நட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தத் தரிசுகள்தான் மனைகளாகிவிட்டன. இனி யாராவது நட்டால்தான் ஊருக்குள் ஆவாரை இருக்கும்.

நம் பின்மதில் ஓரத்தைப் பாருங்கள். கட்டட இடிபாட்டின் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த மண். ஊற்றுவதோ உப்பேறிய போர்வெல் தண்ணீர். வாங்கி வைத்த புல்லும் குரோட்டன்ஸும் ஒவ்வொரு கோடையிலும் கருகுகின்றன. லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் அதற்குப் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆவாரைக்கு அந்த மண்ணே போதும்.

முற்றிய காயின் விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மழைக்கு முன் அதே இடத்தில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றலாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். வேர் இறங்கியபின் அதுவும் தேவைப்படாது. பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் வேலிபோல அடர்ந்துவிடும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இதில் முட்டையிடும். புழு இலையைக் கடித்தால் மருந்தடிக்க வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவில் மீண்டும் புல் வாங்கத் தீர்மானம் வருமுன், அந்த ஓரத்தில் ஒரு வரிசை ஆவாரை ஊன்றிப் பார்ப்போம். செலவு, ஒரு கைப்பிடி விதை.