ஏரித் தோணியும் கடற் பரீட்சையும்

புதிதாய்க் கட்டிய தோணியை அறிவுடையோர் எடுத்த எடுப்பில் ஆழ்கடலில் விடார். முதலில் ஏரியிலோ களப்பிலோ விட்டு, அது மிதக்கின்றதா, ஒருபுறஞ் சாய்கின்றதா, பாய்க்கும் சுக்கானுக்கும் இணங்குகின்றதா எனப் பார்த்த பின்னரே கடலுக்குக் கொண்டுசெல்வர். ஆயினும் ஏரியிலே தேறிய தோணி கடலிலுந் தேறுமா என்பது வேறு வினா. இவ்வினாவுக்கு 1969ஆம், 1970ஆம் ஆண்டுகளில் அத்திலாந்திக் சமுத்திரம் அளித்த விடையை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர் ஹெயர்டால் 1947இல் கொன்-ரிக்கி என்னும் மரத்தெப்பத்திற் பெரு நாட்டிலிருந்து பொலினீசியத் தீவுகளுக்கு 101 நாட்களிற் சென்று புகழ்பெற்றவர். பின்னர் அவர் கருத்து எகிப்தின் பழைய நாணற் கலங்களின்பாற் சென்றது. கல்லறைச் சுவர்களிலே அக்கலங்கள் பல தீட்டப்பட்டுள்ளன. அவை பப்பைரஸ் என்னுந் தாவரத்தாற் கட்டப்பட்டவை. நம்மூரிற் பாய் இழைக்க உதவும் கோரையின் இனத்தைச் சேர்ந்ததே பப்பைரஸ். அதனாலாய கலம் நைல் நதிக்கு ஏற்றதாகலாம். உப்புநீரில் இரண்டு வாரத்துள் ஊறி அழிந்துவிடும் என்பதே அறிஞர் பலரின் துணிபு.

ஆனால் பழைய நூற்சான்று ஒன்று இதற்கு மாறாயிருந்தது. அது நம் நாட்டைப் பற்றியதே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. கி.பி. 79இல் மறைந்த உரோம ஆசிரியர் பிளினி, கங்கைப் பிரதேசத்துப் பிராசியர் நாட்டிலிருந்து தப்ரபேன் எனப்பட்ட இலங்கைக்கு முற்காலத்திற் பப்பைரஸ் கலங்களில் 20 நாட்களில் வந்தனர் என்றும், தம் காலத்துக் கப்பல்களுக்கு அத்தூரம் 7 நாட் பயணமே என்றும் குறித்துள்ளார். இவ்வாறாயின் நாணற் கலம் கடலிற் சென்றதுண்டு என்றாகின்றது.

ஏட்டுச் சான்றோடு நில்லாது, நாணற் படகு கட்டும் வழக்கம் அழியாதிருந்த ஏரிகளை ஹெயர்டால் நாடினார். ஆபிரிக்காவின் சாட் ஏரியில் வாழும் புதுமா மக்கள் ‘கதாய்’ என்னும் படகைக் கட்டுவர். எதியோப்பியாவின் தானா ஏரியில் ‘தாங்குவா’ உண்டு. தென்னமெரிக்காவிற் கடல்மட்டத்திலிருந்து 3,800 மீற்றருக்கு மேல் உள்ள தித்திக்காக்கா ஏரியில் அய்மாரா மக்கள் ‘தொத்தோரா’ நாணலாற் படகு கட்டுகின்றனர். சாட் ஏரிக்கரையிலே கதாய் ஒன்றைக் கட்டுவித்து, அதிலேறி அவர் பரீட்சித்தார். படகு மிதந்தது, சுமை தாங்கியது, எளிதிற் கவிழ்வதாயில்லை. ஏரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நாணல் விடையளித்துவிட்டது.

இவ்வனுபவத்தைத் துணைக்கொண்டு, கீசாப் பிரமிட்டுகளின் அருகே, தானா ஏரியிலிருந்து தருவித்த பப்பைரஸைக் கொண்டு, சாட் ஏரியிலிருந்து வந்த தோணி கட்டுநர் ஒரு பெருங் கலத்தைக் கட்டினர். நீளம் ஏறத்தாழ 15 மீற்றர். எகிப்தியரின் சூரியதேவன் பெயரால் அதற்கு ‘ரா’ எனப் பெயரிட்டனர். ஏழு நாட்டவரான எழுவர் 1969 மே 25இல் மொரோக்கோவின் சாஃபித் துறையிலிருந்து அதிற் புறப்பட்டனர்.

இரண்டு வாரங் கழிந்தும் ரா மூழ்கவில்லை. அறிஞர் கூற்று அங்கேயே பொய்த்தது. ஆனாற் பின்புறம் நாளுக்குநாள் தாழ்ந்தது, அலை மேலேறியது. சுமார் 5,000 கிலோமீற்றர் கடந்தபின், மேற்கிந்தியத் தீவுகளை அணுகும் வேளையில், ஜூலை மாதத்திற் கலத்தைக் கைவிட நேர்ந்தது.

காரணம் யாது? எகிப்திய ஓவியங்களிலே கலத்தின் பின்முனை மேனோக்கி உள்ளே வளைந்திருக்கும். அவ்வளைவின் நுனியிலிருந்து மேற்றளத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வளைவைப் பேணுவதற்கன்றி அக்கயிற்றுக்கு வேறு பயனில்லை என எண்ணியமையால் அது கவனிக்கப்படாது போயிற்று. சாட் ஏரிப் படகின் பின்புறம் வளைவின்றி மொட்டையாயிருப்பது. ஆதலின் கட்டுநருக்கும் அதன் வேலை தெரிய வழியில்லை. ஏரியலை சிறியது. சமுத்திரத்தின் நீண்ட அலையோ கலத்தை நடுவிலே தூக்கும்போது இருமுனைகளுந் தொங்கும். முனைகளைத் தூக்கும்போது நடுப்பாகந் தாழும். இவ்வாறு ஓயாது வளையும் கலத்தின் பின்புறத்தை வில்லின் நாண்போல் நின்று தாங்குவதே அக்கயிற்றின் வேலை. கயிறில்லாத கலம் கடலில் முதுகொடிந்தது.

ஹெயர்டால் சோர்ந்தாரல்லர். அடுத்த ஆண்டே தித்திக்காக்காவின் அய்மாராக் கட்டுநர் நால்வர் சாஃபிக்கு வந்தனர். இருமுனைகளையும் உயர்த்திக் கட்டும் கலை அவர்களுக்குக் கைவந்தது. அவர்கள் கட்டிய ‘இரண்டாம் ரா’ ஏறத்தாழ 12 மீற்றர் நீளமுடையது. 1970 மே 17இற் புறப்பட்டு, 57 நாட்களிற் சுமார் 6,100 கிலோமீற்றர் கடந்து, ஜூலை 12இற் பாபடோஸ் தீவை அடைந்தது.

இதனாற் பண்டை எகிப்தியர் அமெரிக்காவை அடைந்தனர் என்பது நிரூபணமாயிற்றா? இல்லை. நாணற் கலம் அத்திலாந்திக்கைக் கடக்கக்கூடும் என்பது மட்டுமே நிரூபணமாயிற்று. ‘கூடும்’ என்பது வேறு, ‘நிகழ்ந்தது’ என்பது வேறு. வரலாறு கற்கும் மாணவர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் மறத்தலாகாது. அமெரிக்க நாகரிகங்கள் எகிப்திலிருந்து வந்தவை என்னுங் கருத்தை வரலாற்றாசிரியர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிளினி கூறிய இலங்கைப் பயணத்தையும் இவ்வளவோடு வைத்தே நாம் மதித்தல் வேண்டும்.

நிற்க, மூன்றாவது பாடம் ஒன்றுமுண்டு. 1977இல் ஈராக்கிலே ‘தைகிரிஸ்’ என்னும் நாணற் கலத்தைக் கட்டியபோது, ஆகஸ்ட் மாதத்தில் வெட்டிய நாணலே நீரை எளிதில் உறிஞ்சாது என அங்குள்ள சதுப்புநில மக்கள் கூறினர். ஹெயர்டால் அதன்படி செய்தார். 1978 ஏப்பிரலில், அயல்நாட்டுப் போர்களைக் கண்டித்து ஜிபுத்தியில் அவர்களே எரியூட்டும்வரை, அக்கலம் மாதக்கணக்காக மிதந்துகொண்டேயிருந்தது.

ஏரிப் பரீட்சை வீணன்று. அது இல்லையேல் முதற் கலமே பிறந்திராது. ஆயின் ஏரி தன்னிடமுள்ள வினாக்களையே கேட்கும். கடலின் வினாக்களைக் கடலே கேட்கும். அவற்றுக்கு விடை முன்னோரின் ஓவியத்தில் ஒரு கயிறாக எழுதப்பட்டிருந்தும் படிப்பாரின்றிக் கிடந்தது. பழையன யாவும் நல்லன என்று இதனாற் கொள்ள வேண்டுவதில்லை. பயனற்றதென ஒன்றை அறுத்தெறியுமுன், அது எதனைத் தாங்கி நிற்கின்றது எனக் கேட்டறிதல் இளைஞர் கடன். கேட்கும்போது தெரிந்ததைத் தெளிவாய்ச் சொல்லிவைத்தல் முதியோர் கடன். இரண்டில் ஒன்று தவறினும் தோணி கரைசேராது.