இலவம்: பெயர் ஒன்று, மரம் இரண்டு

கடமலைக்குண்டிலிருந்து வருசநாட்டை நோக்கி மூல வைகையின் கரையோடு செல்வோர், கோடையில் காய் வெடித்து நிற்கும் இலவ மரங்களைக் காணலாம். தமிழ் பயின்ற நமக்கு உடனே அகநானூறு நினைவுக்கு வருகிறது. அங்கேதான் இடறுகிறோம். ஔவையார் 11ஆம் பாடலில் காட்டும் இலவம், இலையுதிர்த்துச் செந்நிறமாய்ப் பூப்பது. மகளிர் ஏற்றிய சுடர் வரிசைக்கு ஒப்பானது. இத்தோப்புகளில் நிற்பதோ, வெளிறிய பூவை இரவில் விரித்து வௌவாலை அழைக்கும், அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். வந்த மரம் இருந்த மரத்தின் பெயரை வாங்கிக்கொண்டது. தாவரவியலாரும் இதில் நம்மைவிடத் தெளிவானவர் அல்லர்: செவ்விலவு 'பாம்பாக்ஸ் செய்பா', வந்த மரம் 'செய்பா பென்டாண்ட்ரா'!

இரண்டுக்கும் பொதுவானது பஞ்சு. கிளியை ஏமாற்றியது எந்த இலவு என்று பழமொழி சொல்வதில்லை.

இப்பஞ்சு பருத்தியைப் போல விதையில் ஒட்டி வளர்வதன்று. காயின் உட்சுவரில் முளைப்பது. ஆகவே அடித்தாலே விதை உதிர்ந்துவிடும். இழை உள்ளீடற்றது, மெழுகு பூசியதுபோல் வழவழப்பானது. நூற்க உதவாது, நீரை ஏற்காது. தலையணைக்கும் மெத்தைக்கும் இதுவே காரணம். உயிர்காப்பு மிதவை உடைகளுக்கும் இதுவே காரணம். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகச் சந்தையின் பஞ்சில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து சென்றது. 1942இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் அமெரிக்கா தவித்தது. 1944இல் பள்ளிச் சிறுவர்கள் எருக்கினத்துச் செடி ஒன்றின் காய்களைப் பறித்து மூட்டை மூட்டையாக அனுப்பினர். போருக்குப்பின் செயற்கை நுரை வந்தது, உலகம் இலவை மறந்தது. தேனி மாவட்டம் மறக்கவில்லை. கொட்டையில் எண்ணெய், பிண்ணாக்கு மாட்டுக்கு, மென்மரம் பெட்டிக்கும் தீக்குச்சிக்கும்.

வெயிலை விரும்பி, வெட்டவெளியில் முதலில் வேரூன்றி விரைந்து வளரும் இயல்பே இம்மரத்தின் வழக்குக்கும் மூலம். வருசநாட்டு மலைச்சரிவுகளில் காடு திருத்தியவர்கள் நட்டது பெரும்பாலும் இலவையும் முந்திரியையும்தான். நிலம் காட்டினுடையது, மரம் நட்டவனுடையது என்ற வழக்காடல் நெடியது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் அது மேலும் இறுகிற்று. நம் சாய்வு காட்டின் பக்கமே. வைகை பிறப்பது அங்கே, கோடையில் இலையுதிர்த்து நிற்கும் இலவந்தோப்பு பசுஞ்சோலைக்கு ஈடாகாது. ஆயினும் அந்த ஒருபோகக் காயை நம்பி ஆண்டை ஓட்டுபவர்களை ஆக்கிரமிப்பாளர் என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்க நமக்கு நாக்கு எழவில்லை.