ஏர் பிஸ்டலுக்கு புது கைப்பிடி வாங்கப் போறீங்களா? சரியான 'க்ரிப்' தேர்வு செய்வது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிப்போட்டியில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார் மனு பாக்கர். அவர் வெளியேறிய நேரத்தில், தென் கொரியாவின் கிம் யே-ஜி எடுத்திருந்த புள்ளி 221.8. வெறும் 0.1 புள்ளியில் வெள்ளிக்கான வாய்ப்பு கைநழுவியது.

இந்த அளவுக்கு நுணுக்கமான விளையாட்டில், வீரரின் கையும் துப்பாக்கியும் சேரும் ஒரே இடம் கைப்பிடிதான். அதாவது 'க்ரிப்'. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் துப்பாக்கியின் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் கைப்பிடி தன் கைக்குப் பொருந்துதான்னு பார்ப்பவர்கள் குறைவு. அதை எப்படித் தேர்வு செய்வது, மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

கைப்பிடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு சின்ன கணக்கு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் '10' வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தாண்டி பெல்லட் சுமார் 30 மில்லிமீட்டர் விலகிப் போகும். 10 எடுக்க வேண்டிய இடத்தில் 7 தான் கிடைக்கும்.

அந்த 1 மில்லிமீட்டர் விலகல் எங்கிருந்து வருது? பெரும்பாலும் மணிக்கட்டு லேசாக வளைவதாலும், டிரிகரை நேராகப் பின்னோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுவதாலும்தான். கைப்பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் இந்த இரண்டு தவறுகளும் தானாகவே வந்துவிடும். தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும், அதுவும் ஒரே கையில். முதல் 20 ஷாட்டில் தெரியாத தொந்தரவு, கடைசி 20 ஷாட்டில் நிச்சயம் தெரியும்.

எந்த பிஸ்டலுக்கும் எந்த கைப்பிடியும் போடலாமா?

முடியாது. மோரினி சிஎம் 162, ஸ்டேயர் எல்பி 10, வால்தர் எல்பி 500, பார்டினி கே 12 என ஒவ்வொரு மாடலிலும் கைப்பிடி பொருந்தும் உலோகச் சட்டத்தின் வடிவமும், திருகு வரும் இடமும் வேறு. எனவே வாங்கும்போது பிஸ்டலின் சரியான மாடல் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்து, வலது கையா, இடது கையா? போட்டி பிஸ்டல்களின் கைப்பிடி ஒரு கைக்காகவே செதுக்கப்பட்டிருக்கும். கிளப்களில் பொதுவாக இருப்பவை வலது கை கைப்பிடிகள். இடது கைப் பழக்கம் உள்ள குழந்தையிடம் அதையே கொடுத்து 'சமாளிச்சுக்கோ' என்று சொல்வது சரியல்ல. பிஸ்டலையே மாற்ற வேண்டியதில்லை. கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும்.

அளவு எப்படிப் பார்ப்பது?

சட்டை போலவே கைப்பிடிக்கும் எக்ஸ்எஸ், எஸ், எம், எல் என அளவுகள் உண்டு. கட்டை விரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, தயாரிப்பு நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் 'எம்' இன்னொரு நிறுவனத்தின் 'எம்' ஆக இருக்காது. விரல் நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கையில் பிடித்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

- கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதி, கைப்பிடியின் பின்புற வளைவில் இடைவெளி இல்லாமல் மேலே வரை உட்கார வேண்டும்.
- ஆள்காட்டி விரலின் முதல் கணு, அதாவது நுனிப்பகுதியின் சதை, டிரிகர் மீது நேராகப் படிய வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் கைப்பிடி பெரியது. விரல் மடிப்பு வரை உள்ளே போனால் சிறியது.
- டிரிகர் விரலின் பக்கவாட்டுப் பகுதி மரத்தில் உரசக் கூடாது. உரசினால், விரலை அசைக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து அசையும்.
- பிடிக்கும் வேலையை நடுவிரலும் மோதிர விரலும் செய்ய வேண்டும். சுண்டு விரலும் கட்டை விரலும் சும்மா ஓய்வாக இருக்க வேண்டும்.
- உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும் 'பாம் ஷெல்ஃப்' மெதுவாகத் தொட்டால் போதும். கையை நசுக்கும் அளவுக்கு மேலே ஏற்றினால், சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும்.

கண்ணை மூடி ஒரு சோதனை

அளவு சரியாக இருந்தாலும் சாய்வுக் கோணம் தப்பாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெல்லட் இல்லாத பிஸ்டலை இலக்கை நோக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கி மீண்டும் உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்க வேண்டும்.

பத்து முறை செய்ததில் எட்டு முறை முன் சைட் ஒரே பக்கம் விலகியிருந்தால், தவறு உங்கள் மேல் இல்லை, கைப்பிடி மேல்தான். இன்றைய பல கைப்பிடிகளில் கோணத்தைத் திருகு மூலம் மாற்றிக்கொள்ளலாம். மணிக்கட்டை வளைத்துச் சமாளிப்பது மட்டும் கூடாது. அது பழக்கமாகிவிட்டால் புள்ளியும் போகும், மணிக்கட்டு வலியும் வரும்.

மரமா, பிளாஸ்டிக்கா?

போட்டி வீரர்களின் முதல் தேர்வு இன்றும் வால்நட் மரம்தான். காரணம் அழகு இல்லை. தேவையான இடத்தில் ராவி எடுக்கலாம், குழிவான இடத்தில் மரப்புட்டி வைத்து நிரப்பலாம். பல அடுக்குகளை ஒட்டிச் செய்யும் லேமினேட் மரம், ஈரப்பதத்தால் வடிவம் மாறுவது குறைவு. பிளாஸ்டிக் கைப்பிடி வியர்வையை உறிஞ்சாது. ஆனால் நம் விருப்பத்துக்குச் செதுக்குவது கஷ்டம். வியர்க்கும் கைகளுக்கு, மேற்பரப்பில் சொரசொரப்பாகப் புள்ளி குத்திய கைப்பிடி உதவும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

இங்கதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிகளின்படி:

- கைப்பிடியோடு சேர்த்து ஏர் பிஸ்டல் 420 x 200 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.
- மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது.
- கைப்பிடி கையைத் தாண்டி நீளக் கூடாது. மணிக்கட்டு முழுவதும் வெளியே தெரிய வேண்டும்.
- கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. பாம் ஷெல்ஃபின் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது.
- கட்டை விரல் தடையின்றி மேல்நோக்கி நகர வேண்டும்.

கடைகளில் விற்கும் பெரிய அளவு கைப்பிடிகள், அல்லது புட்டி வைத்துத் தடிமனாக்கிய கைப்பிடிகள், 50 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. போட்டிக்கு முந்தைய உபகரணச் சோதனையில் இது தெரிந்தால், அங்கேயே ராவித் தேய்க்க வேண்டிய நிலை வரும். எனவே வீட்டிலேயே அளந்து, விதிகளின் புதிய பதிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மாற்றும்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்து, குழலில் பாதுகாப்புக் கயிறு போடுவது. பிறகு அதற்குரிய ஆலன் கீ கொண்டு கழற்றி மாட்டலாம். திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் மரம் விரிசல் விடும்.

எந்த இடம் அழுத்துகிறது என்று தெரியவில்லையா? கையில் லேசாக சாக்பீஸ் தூள் தடவிப் பிடித்துப் பாருங்கள். அழுத்தும் இடத்தில் தூள் அழுத்தமாக ஒட்டியிருக்கும். அங்கு மட்டும் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். எடுத்த மரத்தைத் திரும்ப வைப்பது எளிதல்ல என்பதால் அவசரம் வேண்டாம். ஒரே நாளில் கோணம், ஷெல்ஃப், தடிமன் என எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன்பின் சில நாள் பயிற்சி என்பதே சரியான முறை.

கைப்பிடியை மாற்றியதும் குண்டு படும் இடம் மாறும் என்பதால் சைட்டை மீண்டும் சரிசெய்ய வேண்டும். முக்கியமான போட்டிக்கு முந்தைய வாரத்தில் புதுக் கைப்பிடி வேண்டவே வேண்டாம்.

பெற்றோர் கவனத்துக்கு

வளரும் பிள்ளைகளின் கை அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 12 வயதில் பொருந்திய கைப்பிடி 14 வயதில் இறுக்கமாக இருக்கலாம். புள்ளி திடீரெனக் குறைந்தால், 'கவனம் இல்லை' என்று திட்டுவதற்கு முன் ஒருமுறை கைப்பிடியைப் பாருங்க. பிள்ளையின் கை வளர்ந்திருக்கலாம்.