விமான விளையாட்டுக்குள் கப்பல் வந்த கதை

ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு குறை தெரிந்திருக்கும். மேலே விமானம் ஜோராகப் பறக்கும். கீழே கடல் துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடக்கும். கணினி தானே ஓட்டும் கப்பல்களை அந்தக் கடலில் சேர்ப்பது இன்று புதிதாக வருகிறவர்கூடச் செய்யும் வேலைதான். ஒரு ஃபோல்டரை இறக்கி, உரிய இடத்தில் போட்டால் முடிந்தது. அதற்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு: கப்பலின் உருவம், அது எப்போது எங்கே இருக்க வேண்டும் என்ற அட்டவணை. சுவாரசியமான கதை அட்டவணைக்குத்தான்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் காப்பிக்கடை நடத்தினார். கப்பல் முதலாளிகள், மாலுமிகள், காப்பீடு எழுதும் வியாபாரிகள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். எந்தக் கப்பல் வந்து சேர்ந்தது, எதை இன்னும் காணவில்லை என்பதே பேச்சு. லாயிட் காலமான பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1734இல் ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ என்ற பத்திரிகையாகவே அச்சேறிவிட்டது.

ஆனால் வந்ததையும் போனதையும் சொல்லலாமே தவிர, கிளம்பப்போகும் நாளை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சரக்கு நிரம்ப வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும், கேப்டனுக்கு மனசு வர வேண்டும். பயணிகள் துறைமுக விடுதிகளில் வாரக்கணக்கில் தவம் கிடந்தார்கள். இதை மாற்றியவர்கள் நியூயார்க்கின் சில துணி, பருத்தி வியாபாரிகள். நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் சொன்ன தேதியில் லிவர்பூலுக்குக் கப்பல் விடுவோம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். 1818 ஜனவரி 5 அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ‘ஜேம்ஸ் மன்றோ’ சொன்னபடியே கிளம்பிவிட்டது. ‘பிளாக் பால்’ என்று பெயர்பெற்ற அந்தக் கம்பெனியைப் பார்த்து, 1822க்குள் ‘ரெட் ஸ்டார்’, ‘ஸ்வாலோடெயில்’ என்று போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. தேதி பார்த்து ஓடும் கப்பல் இல்லையென்றால், கணினிக்குக் கொடுக்க நம்மிடம் அட்டவணையே இருந்திருக்காது.

இனி விமானத்தின் பக்கம். நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் லிங்க் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்து விற்றது. மகன் எட்வின் லிங்க்குக்குப் பறக்கும் ஆசை. பயிற்சிக் கட்டணமோ கொள்ளை விலை. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை ஒரு சின்ன மர விமானத்தின் அடியில் பொருத்தினார். உட்கார்ந்தவர் கோலை அசைத்தால் பெட்டி சாயும், தூக்கும், திரும்பும். இது 1929இல். விமானத் துறையினர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேளிக்கைப் பூங்காக்காரர்கள் வாங்கிப்போனார்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், இந்த லிங்க் பின்னாளில் வானத்தை விட்டுவிட்டுக் கடலாராய்ச்சிக்கு நீர்மூழ்கிக் கலங்கள் கட்டப் போய்விட்டார்.

லிங்க்கின் பெட்டி செய்த வேலை பிறகு வீட்டுக் கணினிக்கும் வந்தது. 1980ஐ ஒட்டி, புரூஸ் ஆர்ட்விக் என்ற இளம் பொறியாளர் ஆப்பிள் கணினியில் கோடுகளால் ஓர் உலகம் வரைந்து அதன்மேல் விமானத்தைப் பறக்கவிட்டார். 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கும் வந்தது. ஆர்ட்விக்கின் சப்லாஜிக் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘ஜெட்’ விளையாட்டில் கப்பல்கள் உண்டு. ஆனால் ஏறிப் பறக்கவோ குண்டு போடவோதான். சும்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் சரக்குக் கப்பலுக்கு அங்கே இடமில்லை. 1989இல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் நான்காம் பதிப்பு விமான நிலையங்களைச் சுற்றிச் சில வாகனங்களை ஓடவிட்டது. தண்டவாளத்தில் சுற்றும் பொம்மை ரயில் போல அவை போன வழியிலேயே போய்க்கொண்டிருக்கும்.

திருப்பம் 2002 பதிப்பில் வந்தது. கணினி ஓட்டும் விமானங்கள் அட்டவணைப்படி ஏறி இறங்கத் தொடங்கின. கப்பலுக்கு வசதி செய்து தரவில்லையே என்று ஆர்வலர்கள் ஓய்ந்துவிடவில்லை. விமானத்துக்கான விதிகளையே கப்பல் உருவத்துக்கு மாட்டிவிட்டார்கள். சிமுலேட்டரின் கணக்கில் அது கடல்மட்டத்தை ஒட்டி மிக மெதுவாகப் பறக்கும் ஒரு விமானம்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த தில்லுமுல்லு இதுதான். 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் என்ற பதிப்பு படகுகளுக்கென்று தனி ஃபோல்டரும், கூட்டிக் குறைக்க ஸ்லைடரும் கொடுத்தது.

இதற்குள் நிஜக் கடலிலும் ஒன்று நடந்திருந்தது. மோதலைத் தவிர்ப்பதற்காக, சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளக் கருவி வைத்தே ஆக வேண்டும் என்ற விதி 2004 முடிவுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஓடும் கப்பலின் இடத்தையும் வேகத்தையும் அது சில விநாடிகளுக்கு ஒருமுறை வானொலியில் அறிவிக்கும். யார் ஆன்டெனா வைத்தாலும் கேட்கலாம். கிரேக்கத் தீவு ஒன்றில் கல்லூரி ஆய்வாகத் தொடங்கிய மரைன்டிராஃபிக் 2007 முதல் இதை வரைபடத்தில் காட்டியது. லாயிட் கடையில் கூடியவர்கள் காது கொடுத்துக் கேட்ட சேதியை சிமுலேட்டர் ஆர்வலர்கள் திரையில் பார்த்து, நிஜத் தடங்களை அப்படியே நகலெடுத்தார்கள்.

தடம் என்பது வரிசையாகச் சில புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. உங்கள் விமானம் நெருங்கும்போதுதான் கணினி கப்பலை உருவாக்கும். இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அங்கே வைக்கும். ஒரு புள்ளி கொஞ்சம் தவறினாலும் போச்சு: எண்ணெய்க் கப்பல் அலைதடுப்புச் சுவரை ஊடுருவிக்கொண்டு அலட்டாமல் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே ஸ்லைடரைக் கடைசிவரை தள்ள வேண்டாம். படம் திக்கித் திணறும். இறக்கிய கப்பல் தொகுப்பை நிறுவியதும் இலங்கையின் தென்கோடியில் தேவேந்திர முனைக்குத் தெற்கே கொஞ்ச தூரம் பறந்து பாருங்கள். ஆசியாவின் கிழக்கையும் சூயஸையும் இணைக்கும் பெருவழி அது. நிஜத்தில் அங்கே இரவு பகலாகக் கப்பல் போகும். உங்கள் திரையில் அங்கே கடல் காலியாக இருந்தால் தொகுப்பு சரியில்லை, வேறு தேடுங்கள்.