காஷ்டமண்டபம்: நிலநடுக்கம் மட்டும் வீழ்த்தாத கட்டடம்

காஷ்டமண்டபம் நேபாளத் தலைநகர் காத்மாண்டுவின் அனுமான் தோகா அரண்மனைச் சதுக்கத்தை ஒட்டி, மரு என்னும் பகுதியில் உள்ள மூன்றடுக்கு மரமண்டபம். ஊருக்குப் பெயர் தந்த கட்டடம் இதுவே. நேவார் மக்கள் இதை மரு சத்த என்பார்கள். வணிகர்களும் யாத்ரீகர்களும் தங்கிச் செல்லும் சத்திரமாக எழுந்து, பின்னாளில் நடுவே கோரக்நாதர் சிலையும் நான்கு மூலைகளிலும் விநாயகர்களும் அமர்ந்த வழிபாட்டிடமாகவும் ஆனது. 2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன் ஏற்பட்ட 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் இது தரைமட்டமானது. அப்போது உள்ளே இரத்த தான முகாம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் பலர் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தோர் ஏறத்தாழ 9,000 பேர். கட்டடத்தை நிலநடுக்கம் கொன்றது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அது பாதி உண்மைதான். மண்டபம் விழுந்த கதை 2015-இல் தொடங்கவில்லை, 1960-களில் தொடங்குகிறது.

ஒரே சால மரத்தை அறுத்துக் கட்டிய மண்டபம் என்பதும், 17-ஆம் நூற்றாண்டில் மன்னர் இலட்சுமி நரசிம்ம மல்லர் காலத்தில் எழுந்தது என்பதும் மக்கள் வழக்கு. உப்பும் எண்ணெயும் ஒரே விலைக்கு விற்கும் நாளில்தான் உச்சியில் கலசம் ஏறும் என்ற கதையும் உண்டு. அப்படி ஒரு நாள் எந்தச் சந்தையிலும் வராது என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 12-ஆம் நூற்றாண்டின் சுவடிக் குறிப்பு ஒன்றிலேயே காஷ்டமண்டபத்தின் பெயர் வருவதால், 17-ஆம் நூற்றாண்டுக் கதை அப்போதே அடிபட்டுப்போகிறது. நிலநடுக்கத்துக்குப் பின் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ராபின் கோனிங்ஹாமும் நேபாளத் தொல்லியல் துறையின் முன்னாள் தலைவர் கோஷ் பிரசாத் ஆச்சார்யாவும் முன்னின்று நடத்திய அகழாய்வு, அடித்தளத்தின் காலத்தை 7-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. களிமண் சாந்தில் செங்கல் அடுக்கி, குறுக்குச் சுவர்களால் ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒரு மண்டலம் போல ஆழமாகப் போட்ட அடித்தளம் அது. மேலே எல்லாம் சிதைந்த பிறகும் அது கெடாமல் இருந்தது.

அகழாய்வு காட்டிய இன்னொன்றுதான் இங்கே முக்கியம். கட்டடத்தின் நடுப்பகுதிச் சுமையைத் தாங்கியவை நான்கு பெருந்தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கழுந்து. அது கீழே உள்ள தூணடிக்கல்லின் குழியில் இறங்கி உட்கார வேண்டும். நிலம் ஆடும்போது தூண் இடம் பெயராமல், ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துத் தானும் அசைந்து பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஏற்பாடு அது. வடகிழக்குத் தூணுக்கு அந்தப் பிணைப்பே இல்லை. கல் நல்ல நிலையில் மண்ணுக்குள் இருந்தது. தூண் அதில் பொருந்தாமல் நின்றிருந்தது. பிணைப்பு விடுபட்டது 1966 வாக்கில் நடந்த சீரமைப்பின்போது என்றே தோன்றுகிறது. அதற்கு முன் நாத யோகி மரபினர் தலைமுறைகளாகக் குடியிருந்த மண்டபம் இது. அவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் வேலை தொடங்கியது. முடிந்தபோது தரை அழகாக இருந்தது, அடியில் என்ன இருக்கிறது என்பது மறைந்துபோனது.

ஒரு தூண் பொருந்தாததை வைத்து முழு வீழ்ச்சியையும் விளக்கிவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது. மீட்புப் பணியின் அவசரத்தில் இயந்திரங்கள் இடிபாடுகளை வாரி அகற்றின. எந்த உத்திரம் எந்தப் பக்கம் முதலில் சரிந்தது என்று சொல்லக்கூடிய தடயங்களும் அவற்றோடு போயின. ஆனால் அடுத்த மறுப்பு, அவ்வளவு பெரிய ஆட்டத்தில் எதுதான் நிற்கும் என்பது, அத்தனை வலுவானதல்ல. காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு பழைய ஏரியின் படுகை. 2015-இல் அதன் வண்டல் மண் நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை என்ற மெதுவான வீச்சிலேயே பலமாக ஆடியது. குறைந்த உயரக் கட்டடங்களைச் சாய்க்கும் வேகமான அதிர்வு பயந்த அளவுக்கு இல்லை. கிழக்கு நேபாளத்தை மையமாகக் கொண்ட 1934 நிலநடுக்கம் ஏறத்தாழ 8 அளவுள்ளது. அதில் நகரமே சிதைந்தது, காஷ்டமண்டபம் விழவில்லை. பக்கத்து நகரமான பக்தபூரில் 1702-இல் கட்டப்பட்ட ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலும் இரண்டு நிலநடுக்கங்களிலும் தாக்குப்பிடித்தது. பழைய தொழில்நுட்பமே பலவீனமானது என்போர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கைகாட்டக்கூடிய கட்டடம் தரஹரா கோபுரம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீம்சேன் தாபா எழுப்பிய அந்த ஒல்லியான கோபுரம் 1934-இல் மேல்தளங்களை இழந்தது, திரும்பக் கட்டப்பட்டு 2015-இல் அடியோடு விழுந்தது. மெதுவான வீச்சு உயரமானவற்றைத்தான் அதிகம் வருத்தும். மரமண்டபத்துக்கும் செங்கற்கோபுரத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது சரியாகாது.

அப்படியானால் சீரமைப்பு ஏன் பிசகியது? பள்ளத்தாக்கின் கோயில்களும் சத்திரங்களும் பல நூற்றாண்டுகளாகக் குதி என்னும் அறக்கட்டளைகளின் பொறுப்பில் இருந்தன. நம் ஊரில் கோயிலுக்கு எழுதிவைத்த இறையிலி நிலம் போல, குதி நிலத்தின் வருமானம் பூசைக்கும் திருவிழாவுக்கும் கூரைப் புல் பிடுங்குவதற்கும் மரம் மாற்றுவதற்கும் போனது. 1964-இல் அரசு குதி சன்ஸ்தான் என்ற கழகத்தை நிறுவி, அந்நிலங்களில் பெரும்பகுதியைத் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. பராமரிப்பு ஒரு சமூகத்தின் ஆண்டு வேலையாக இருந்த நிலை மாறி, துறை எப்போதாவது எடுக்கும் திட்டமானது. குதிகளைப் புனிதமாக்க வேண்டியதில்லை. சாதி வரம்பு, நிலத் தகராறு, கணக்கில் மோசடி எல்லாம் அவற்றிலும் உண்டு. ராணா ஆட்சிக் காலத்தில் பல கட்டடங்கள் கவனிப்பின்றிக் கிடந்ததும் உண்மை. ஆனால் எந்தத் தூணின் கழுந்து உளுத்திருக்கிறது என்று பார்க்கும் கடமை இன்னாருடையது என்பதாவது அந்த ஏற்பாட்டில் தெளிவாக இருந்தது. மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்தக் கடமைக்கு ஓர் ஆள் இருந்தார்.

மறுகட்டுமானத்தின்போது இதே வாதம் வேறு வடிவத்தில் திரும்பியது. தரஹரா கான்கிரீட்டில் புதிதாக எழும்பி 2021-இல் திறக்கப்பட்டது. காஷ்டமண்டபத்திலும் இரும்பைப் புகுத்தும் யோசனை எழுந்தபோது, அந்த வட்டாரத்து இளைஞர்களும் கட்டடக்கலை வல்லுநர்களும் எதிர்த்தார்கள். பழைய பொருள்களையே கையாண்டு ஊர்க்குழு ஒன்று பணியை ஏற்கும் ஒப்பந்தம் 2017-இல் கையெழுத்தாகி, ஓராண்டு கழிந்து முறிந்தது. பிறகு மாநகராட்சியே அமைத்த குழுவின் கீழ் மரம், செங்கல், மண் சாந்து கொண்டு வேலை நடந்து 2022-இல் முடிந்தது. புதிய மரங்கள் பழைய அடித்தளத்தின் மேலேயே நிற்கின்றன. இது பழைய கட்டடம் அல்ல, அதன் நகல்தான் என்று சொல்லலாம். ஆனால் காலந்தோறும் மரங்களை மாற்றிக்கொண்டேதான் அந்த மண்டபம் இத்தனை நூற்றாண்டு நின்றது; மாற்றுவது இதன் இயல்புக்குப் புறம்பானதல்ல. இனி மரம் மாற்றும் செலவும் பொறுப்பும் யாருடையவை என்பதில்தான் தகராறு நீடிக்கிறது. 2019 ஜூனில் குதி நிலங்களைப் பற்றி அரசு கொண்டுவந்த மசோதாவுக்கு எதிராக நேவார் மக்கள் காத்மாண்டுவின் மைதிகர் மண்டலாவில் பெருந்திரளாகக் கூடினார்கள். அரசு அதைத் திரும்பப் பெற்றது. 1964-இல் வந்த கழகம் அப்படியே இருக்கிறது.