பழவேற்காட்டு நீரில் ஓர் ஆளுநர் பெயர்

ஆண்டு மறைந்த ஆளுநர்க்குச் சாலையோரத்தே நினைவுக்கல் நாட்டுதல் மேலைநாட்டார் வழக்கு. பழவேற்காட்டில் அத்தகைய கல்லைத் தேடுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமேயாகும். 1610-இல் ஈண்டு வந்து வணிகம் தொடங்கிய ஒல்லாந்தர், 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறுமளவும் சோழமண்டலக் கரைக்குரிய அவர்தம் ஆளுநர் இவ்வூரினின்றே ஆண்டனர். கோட்டை அழிந்தது. கல்லறைகள் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்க, உள்ளே ஒல்லாந்த எழுத்துகள் பொறித்த கற்கள் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வல்லார் ஊரில் அரியர்.

ஏரிக்கரைக் குப்பங்களில் இன்றும் நாவில் வழங்கும் ஆளுநர் பெயரோ கல்லில் இல்லை, நீரில் உளது. பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயரைக் கூறுவோருள் அஃது 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பக்கிங்காம் கோமகனைக் குறிப்பதென அறிந்தார் சிலரே.

இப்பெயர் வந்த வரலாறு ஆராயத்தக்கது. சென்னையினின்று எண்ணூர் வரை 1806-இல் அமைந்த கால்வாய்க்கு, அதனை அமைப்பித்த காக்கிரேன் என்பாரின் பெயரே முதலில் வழங்கிற்று. 1837-இல் அரசு அதனைக் கைக்கொண்டது. 1850-களில் பழவேற்காட்டு ஏரி வழியாகத் துர்க்கராயப்பட்டினம் வரை நீர்வழி நீண்டது. ஆகவே, கோமகன் சென்னைக்கு வந்த காலத்தில் பழவேற்காட்டார் கண்ட கால்வாய் முன்னரே அமைந்து முடிந்ததாம்.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை வாட்டிற்று. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அக்காலத்தே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பெற்றது. 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலித்திட்டம் உழைப்பாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டது. இவ்வளவு உடலைத் தாங்காதென மாகாண நலவழி ஆணையர் கார்னிஷ் மறுத்தெழுதினார். மண் சுமந்தோர் இதனை உண்டே சுமந்தனர். பணி முடிவுற்ற 1878-இல், புதிய பகுதிக்கு மட்டுமன்றிப் பழைய நீர்வழி முழுமைக்கும் ஆளுநர் பெயர் சூட்டப்பெற்றது.

கோமகனைக் கொடியராகக் கருதுதல் முறையன்று. பஞ்சத்தின் தொடக்கத்தில் தானியம் வாங்கிச் சேர்த்து, அதன்பொருட்டு இந்திய அரசின் கண்டனத்திற்கு ஆளானது அவரது அரசே. 1877 ஆகஸ்டில் இங்கிலாந்து மக்களின் உதவியை வேண்டியவரும் அவரே. எமது வினா பெயரைப் பற்றியது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் நடுகல், மாண்டவன் பெயரைத் தாங்கும். மாளுமாறு ஏவிய வேந்தன் பெயரை அன்று. அம்மரபினர் நாட்டில், பசியோடு வெட்டியோர் எவர் பெயருமின்றி மறைய, ஆண்டவர் பெயர் அவர் வெட்டாத நீருக்கும், அவர் வருமுன் வெட்டிய நீருக்கும் பரவி நின்றது. இதனை நினைவுச்சின்னம் என்பதினும் உரிமைச்சீட்டு என்றலே பொருந்தும் போலும்.

பெயரில் ஏரி மக்கள் கொண்ட கொள்கை வேறு. பழவேற்காட்டுப் பட்டினவரிடையே ‘பாடு’ என்னும் முறை உண்டு. இறால் வலை இடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்வர். ஒருவர்க்கு வாய்த்த இடம் அடுத்த முறை மற்றொருவர்க்காம். நீர்மேல் எவர் பெயரும் நிலைப்பதில்லை. யாம் இதனைக் கேட்டறிந்த பொழுது, அருகே ஓடிய கால்வாயின் பெயர் எமக்குச் சற்று வியப்பாகவே ஒலித்தது.

ஆயினும் அக்கால்வாயால் அவர்கள் பயன்பெற்றமையை மறைத்தல் ஆகாது. பழவேற்காட்டு மீனும், ஸ்ரீஹரிக்கோட்டை விறகும், உப்பும் படகேறிச் சென்னை சேர்ந்தன. காற்று வாய்த்துழிப் பாய் விரித்தும், வாயாதுழிக் கரையினின்று கயிறு கட்டி இழுத்தும் சென்றனர். 1960-களின் நடுவில் வீசிய புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நலிந்தது. 2008-இல் அரசு இதனைத் தேசிய நீர்வழி 4-இன் ஒரு கூறாக அறிவித்தது. அவ்வறிவிப்பிலும் கோமகன் பெயரே காணப்படுகின்றது.